பார்வை உண்டு, வாசிப்பு இல்லை: பன்மொழித் தீவின் பள்ளிகளில் ஒரு கல்விச் சிக்கல்
(உரையின் எழுத்து வடிவம்)

அந்தமான் தீவுகளின் தென்பகுதியில், தலைநகரான ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து (2024 வரை போர்ட் பிளேர்) ஏறத்தாழ 120 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது லிட்டில் அந்தமான். அத்தீவின் துறைமுக ஊர் ஹட் பே. தீவின் தொல்குடிகளான ஓங்கியர் டுகாங் கிரீக் பகுதியில் வாழ்கின்றனர். 1960-களின் பிற்பகுதியிலிருந்து கிழக்கு வங்கத்து அகதிக் குடும்பங்கள் இங்குக் குடியமர்த்தப்பட்டன. நிக்கோபாரியர் ஹர்மிந்தர் பேயில் குடியேறினர். வனத் தொழில், எண்ணெய்ப் பனைத் தோட்டம், துறைமுகப் பணி, வாணிபம் ஆகியவற்றை நாடித் தமிழ், தெலுங்கு, மலையாளம் பேசுவோரும் வந்து சேர்ந்தனர். ஒரு சிறு தீவில் ஒரு துணைக் கண்டத்தின் மொழிகள் கூடின எனலாம்.

மொழிகள் கூடியதோடு எழுத்துகளும் கூடின. தமிழ், வங்காளம், தெலுங்கு ஆகியவற்றிற்குத் தனித்தனி எழுத்து. இந்திக்குத் தேவநாகரி. ஆங்கிலத்திற்கு ரோமன் எழுத்து. நிக்கோபாரி மொழியும் அந்த எழுத்திலேயே எழுதப்படுகிறது. ஓங்கியரின் மொழிக்கோ தொன்றுதொட்டு எழுத்து வழக்கு இல்லை. அந்தமான் நிக்கோபார் நிர்வாகத்தின் பள்ளிகளில் இந்தி, ஆங்கிலம், வங்காளம், தமிழ், தெலுங்கு ஆகியவை பயிற்று மொழிகளாக இருந்து வந்துள்ளன. இத்தீவுகளில் வளரும் குழந்தை வீட்டில் ஒரு மொழியைப் பேசி, கடைத்தெருவில் இந்தியைக் கேட்டு, பாடப் புத்தகத்தில் இரண்டு மூன்று எழுத்து முறைகளைச் சந்திக்கிறது.

இத்தகைய வகுப்பறையில் ஒரு குழந்தை படிப்பதில் பின்தங்கினால், "மொழி புதிது, போகப் போகச் சரியாகிவிடும்" என்ற விளக்கம் உடனே கிடைக்கிறது. பெரும்பாலான குழந்தைகளைப் பொறுத்தவரை அது உண்மையே. ஆனால் சிலரிடம் மொழி பழகிய பின்னும் எழுத்து பழகுவதில்லை. கண் நன்றாகத் தெரியும், காது நன்றாகக் கேட்கும், அறிவுக்கும் குறைவில்லை, அச்சிட்ட சொல் மட்டும் பிடிபடாது. அவர்களுக்கு உள்ளது வாசிப்புக் குறைபாடு, அதாவது டிஸ்லெக்சியா. பன்மொழிச் சூழல் அக்குறைபாட்டை உண்டாக்குவதில்லை. ஆனால் அதை மறைத்துவிடுகிறது. இதற்கு நேர்மாறான தவறும் நிகழலாம்: பயிற்று மொழியை இன்னும் கற்காத குழந்தைக்குக் குறைபாடு என்ற முத்திரை விழலாம். இவ்விரு தவறுகளையும் தவிர்ப்பது எங்ஙனம் என்பதே இவ்வுரையின் பொருள்.

படித்தல் என்னும் பழக்கம்

பேச்சு மனிதனுக்கு இயல்பாக வருவது. பேசுவோர் நடுவில் வளரும் குழந்தை தனிப் பாடம் ஏதுமின்றிப் பேசக் கற்றுக்கொள்கிறது. எழுத்து அத்தகையதன்று. அது தோன்றி ஏறத்தாழ 5,000 ஆண்டுகளே ஆகின்றன. நெடுங்காலம் அது மிகச் சிலரின் உடைமையாகவே இருந்தது. ஆகவே படிப்பதற்கென்று பிறவியிலேயே அமைந்த உறுப்பு எதுவும் மூளையில் இல்லை. பிற உருவங்களை அடையாளம் காணப் பயன்படும் ஒரு பகுதியை எழுத்திற்காகப் பழக்கியே ஒவ்வொரு குழந்தையும் படிக்கக் கற்கிறது.

படிப்பவரின் கண் வரியின் மீது சீராக ஊர்ந்து செல்வதில்லை. தாவித் தாவிச் செல்கிறது. ஒவ்வொரு தாவலுக்குப் பின்னும் ஏறத்தாழ கால் நொடி நிற்கிறது. அந்தக் கால் நொடிக்குள் எழுத்துகளின் வடிவம் அறியப்பட வேண்டும். அவற்றின் வரிசை நிலைபெற வேண்டும். எழுத்துக் கூட்டம் ஒரு சொல்லாக அடையாளம் காணப்பட வேண்டும். அச்சொல்லின் ஒலியும் பொருளும் நினைவுக்கு வர வேண்டும். தேர்ந்த வாசகர் பழகிய சொல்லைப் பார்த்தவுடன் முழுமையாக அறிந்துகொள்கிறார். புதிய சொல் எதிர்ப்பட்டால் எழுத்தெழுத்தாகக் கூட்டி ஒலிக்கிறார். இவ்விரு வழிகளும் ஒன்றுக்கொன்று துணையானவை.

இவ்வேலையில் முக்கியப் பங்கு வகிப்பது மூளையின் இடப் பாதியில், பின்புறத்து அடிப்பகுதியில் உள்ள ஒரு சிறு பரப்பாகும். 2000-ஆம் ஆண்டில் பிரெஞ்சு ஆய்வாளர்கள் லோரான் கோஎன், ஸ்தானிஸ்லாஸ் தெஹான் ஆகியோரும் அவர்களுடைய குழுவினரும் இதனைச் சொல் வடிவத்திற்குரிய பகுதியாக விவரித்தனர். எந்த எழுத்து முறையில் படிப்பவராயினும் ஏறக்குறைய இதே இடம் பயன்படுகிறது. கல்வியால் மூளை மாறுகிறது என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. லக்னோ அருகிலுள்ள கிராமங்களில், எழுதப் படிக்க அறியாத வயது வந்தோருக்கு ஆறு மாத காலம் தேவநாகரி எழுத்து கற்பிக்கப்பட்டது. அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பயிற்சிக்குப் பின் அவர்களின் மூளையில், பார்வையோடு தொடர்புடைய பகுதிகளுக்கு இடையிலான இணக்கம் மாறியிருந்ததை 2017-இல் வெளியான ஆய்வு காட்டியது. வயது கடந்தபின் எழுத்து ஏறாது என்ற எண்ணத்திற்கு இது தக்க மறுப்பாகும்.

"சொற்குருடு" என்ற பழைய பெயர்

வாசிப்புக் குறைபாட்டை முதலில் கவனித்தவர்கள் மருத்துவர்கள். 1877-இல் ஜெர்மானிய மருத்துவர் அடால்ஃப் குஸ்மவுல், பார்வையும் பேச்சும் கெடாமல் படிக்கும் ஆற்றலை மட்டும் இழந்த நிலைக்குச் "சொற்குருடு" எனப் பொருள்படும் பெயரைச் சூட்டினார். ஸ்டுட்கார்ட் நகரத்துக் கண் மருத்துவர் ருடால்ஃப் பெர்லின், டிஸ்லெக்சியா என்ற சொல்லை வழக்கிற்குக் கொண்டுவந்தார். 1892-இல் பிரெஞ்சு மருத்துவர் ஜூல் தெஜெரின் வியப்பூட்டும் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார். அவரால் எழுத முடிந்தது. ஆனால் தாம் எழுதியதையே படிக்க முடியவில்லை. அவர் இறந்த பின் மூளையைச் சோதித்தபோது, பார்வைச் செய்தியை மொழிப் பகுதிக்குக் கொண்டுசெல்லும் பாதை சிதைந்திருந்தது தெரிந்தது.

இவையெல்லாம் வயது வந்தோருக்கு நோயால் நேர்ந்தவை. பிறவியிலேயே இந்நிலை இருக்கக்கூடும் என்பதை 1896-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் விவரித்தவர் இங்கிலாந்தின் சஸெக்ஸ் பகுதியைச் சேர்ந்த பிரிங்கிள் மார்கன். அவர் குறிப்பிட்ட சிறுவனுக்கு 14 வயது. விளையாட்டில் தோழர்களுக்கு இளைத்தவன் அல்லன்; கணக்கிலும் கெட்டிக்காரன். ஆயினும் பல ஆண்டுகள் கற்பித்த பிறகும் எளிய சொற்களைக்கூட அவனால் படிக்க முடியவில்லை. பெர்சி என்ற தன் பெயரையே எழுத்துகளை இடம் மாற்றி எழுதினான். பாடங்கள் யாவும் வாய்மொழியாக நடந்தால் பள்ளியில் அவனே முதல்வனாக இருப்பான் என்பது அவனுடைய ஆசிரியரின் கருத்து. கிளாஸ்கோ நகரத்துக் கண் மருத்துவர் ஜேம்ஸ் ஹின்ஷெல்வுட் இத்தகைய பல குழந்தைகளை ஆராய்ந்து 1917-இல் நூல் வெளியிட்டார்.

கண் மருத்துவர்கள் தொடங்கிவைத்த ஆராய்ச்சியாதலால், கோளாறு கண்ணில்தான் என்ற எண்ணம் மக்களிடையே நிலைத்துவிட்டது. பிற்கால ஆய்வுகள் அதனைத் திருத்தின. பெரும்பாலான குழந்தைகளிடம் அடிப்படைச் சிக்கல், பேச்சின் ஒலிகளைப் பிரித்தறிந்து அவற்றை எழுத்து வடிவத்தோடு பிணைப்பதில் உள்ளது. அப்பிணைப்பு உறுதிப்படாதபோது, சொல்லைக் கண்டவுடன் அறியும் திறனும் வளர்வதில்லை. சிலரிடம் மட்டும் எழுத்துகளின் இடம் மாறித் தோன்றுதல், பக்கத்துச் சொல்லின் எழுத்து இந்தச் சொல்லில் கலந்துவிடுதல், நெருக்கமான அச்சில் எழுத்துகள் ஒன்றையொன்று மறைத்தல் போன்ற காட்சி சார்ந்த தடுமாற்றங்கள் மேலோங்கி நிற்கும். 2009-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள், கண் மருத்துவர்கள் ஆகியோரின் அமைப்புகள் கூட்டறிக்கை ஒன்றை வெளியிட்டன. கண் பயிற்சியோ வண்ணக் கண்ணாடியோ இக்குறைபாட்டைத் தீர்ப்பதற்கு ஆதாரம் இல்லை என்பது அதன் முடிவு. கண் பரிசோதனை முதலில் அவசியம்; பார்வைக் குறைவு இருந்தால் கண்ணாடி அவசியம். ஆனால் வாசிப்புக் குறைபாட்டிற்குக் கண்ணாடி மருந்தாகாது.

தமிழ் எழுத்தும் தடுமாற்றமும்

ஆங்கிலத்தில் பி, டி ஆகிய சிற்றெழுத்துகளைக் குழந்தைகள் மாற்றிப் படிப்பது பலரும் அறிந்த எடுத்துக்காட்டு. இளங்குழந்தைகள் எல்லோரும் சிறிது காலம் செய்யும் பிழை அது. அதை மட்டும் கொண்டு குறைபாட்டை முடிவு செய்யலாகாது. நம் எழுத்துகளில் தடுமாற்றம் வேறு இடங்களில் வெளிப்படுகிறது.

தமிழில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் ஒன்று என எழுத்துகள் 247. எண்ணிக்கை பெரிதாயினும் அமைப்பு சீரானது; ஓர் உயிர்க் குறியை அறிந்தால் அந்த வரிசை முழுவதையும் பெரும்பாலும் அறியலாம். ஆயினும் சில நுட்பங்கள் உண்டு. "கெ", "கே", "கை" ஆகியவற்றில் உயிரின் குறி மெய்க்கு முன்னே நிற்கிறது. ஒலியோ மெய்க்குப் பின்னே வருகிறது. "கொ" என்பது ஓர் எழுத்து. கண்ணுக்கு ஒற்றைக் கொம்பு, ககரம், துணைக்கால் என மூன்று உருவங்கள். துணைக்காலுக்கும் ரகரத்திற்கும் வேறுபாடு மிகச் சிறிது. "கௌ" என்ற ஓரெழுத்தும் "கெள" என்ற ஈரெழுத்தும் அச்சில் ஏறக்குறைய ஒன்றுபோலவே காணப்படும். உகர, ஊகாரக் குறிகள் மெய்க்கு மெய் வடிவம் மாறுகின்றன.

தமிழ்நாட்டு அரசாங்கம் 1978-இல் எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்தியது இங்கு நினைவுகூரத் தக்கது. ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலிய எழுத்துகள் அதற்குமுன் மற்ற எழுத்துகளோடு ஒவ்வாத தனி வடிவங்களில் எழுதப்பட்டன. பெரியார் ஈ.வெ.ரா. 1930-களிலேயே வலியுறுத்திக் கையாண்ட சீர்மையை அந்த ஆணை பள்ளிக்கும் அச்சகத்திற்கும் கொண்டுவந்தது. அச்சுக் கோப்போரின் சுமை குறைந்தது பலருக்கும் தெரியும். எழுத்தை நினைவில் நிறுத்தத் தடுமாறும் குழந்தைக்கும் விதிவிலக்குகள் சில குறைந்தன.

எழுத்துகளின் வரிசை மாறிப் படிக்கும் தடுமாற்றத்திற்குத் தமிழில் எளிய எடுத்துக்காட்டுகள் உண்டு. "பலகை" என்பதைப் "பகலை" என்றும், "படகை" என்பதைப் "பகடை" என்றும் ஒரு குழந்தை திரும்பத் திரும்பப் படித்தால், எழுத்துகள் அதற்குத் தெரிகின்றன, அவற்றின் இடம் நிலைபெறவில்லை என்பது பொருள். படித்தது பொருளுள்ள சொல்லாகவே அமைந்துவிடுவதால் பிழையைக் குழந்தை உணர்வதில்லை. கவனமின்மை என்று கருதி ஆசிரியர் கண்டிக்கிறார். கண்டிப்பால் இந்தப் பிழை திருந்துவதில்லை.

தேவநாகரியிலும் வங்காள எழுத்திலும் இதற்கு ஒப்பான இடர்கள் உள்ளன. தேவநாகரியில் ஒலிப்புடைய பகரமும் வகரமும் நடுவில் உள்ள ஒரு சிறு கோட்டால் மட்டுமே வேறுபடுகின்றன. வங்காளத்தில் அந்தப் பகரமும் ரகரமும் ஒரு புள்ளியால் மட்டுமே வேறுபடுகின்றன. இவ்விரு முறைகளிலும் இகரக் குறி மெய்க்கு முன்னே எழுதப்பட்டுப் பின்னே ஒலிக்கிறது. பெங்களூரில் சோனாலி நாக் மேற்கொண்ட ஆய்வுகள், கன்னடக் குழந்தைகள் எழுத்து வரிசை முழுவதையும் கைவரப்பெறுவதற்குத் தொடக்கப் பள்ளியின் மேல் வகுப்புகள் வரை ஆகிறது என்று காட்டின. ஆங்கிலத்தின் 26 எழுத்துகளை அளவுகோலாக வைத்து இந்திய மொழிக் குழந்தைகளை மதிப்பிடுதல் பொருந்தாது என்பது இதிலிருந்து விளங்கும்.

பிழையா, தாமதமா?

எழுத்து முறைக்கு ஏற்பக் குறைபாட்டின் தோற்றம் மாறுகிறது என்பது ஆசிரியர்கள் அறிய வேண்டிய முதன்மையான செய்தியாகும். ஆங்கிலத்தில் எழுத்துக்கும் ஒலிக்கும் உறவு சீரற்றது. ஆகவே குறைபாடுள்ள குழந்தை பிழையாகப் படிக்கிறது. இத்தாலியம் போன்று எழுத்தும் ஒலியும் ஒத்துச் செல்லும் மொழிகளில் அத்தகைய குழந்தை பெரும்பாலும் சரியாகவே படிக்கிறது. ஆனால் மிக மெதுவாகப் படிக்கிறது. 2001-இல் வெளியான ஓர் ஆய்வு ஆங்கிலம், பிரெஞ்சு, இத்தாலியம் படிக்கும் குறைபாடுடையோரை ஒப்பிட்டது. இத்தாலியர் படிப்பில் மேம்பட்டிருந்தனர். ஆயினும் மூவகையினரிடமும் மூளையின் இடப்புறத்தில் ஒரே பகுதி குறைவாகவே இயங்கியது.

தமிழ் எழுத்து இத்தாலியத்தைப்போல் முழுதும் சீரானது அன்று. "க" என்ற ஓர் எழுத்து "கல்", "தங்கம்", "பகல்" ஆகிய சொற்களில் வெவ்வேறு ஒலி பெறுகிறது. ஆயினும் ஆங்கிலத்தைவிட அது பன்மடங்கு சீரானது. ஆகையால் தமிழ் வகுப்பில் பிழைகளை மட்டும் எண்ணும் ஆசிரியர், பிழையின்றி ஆனால் எழுத்துக்கூட்டியே படிக்கும் நான்காம் வகுப்புக் குழந்தையைத் தவறவிட்டுவிடுவார். வாக்கியத்தின் முடிவை எட்டுவதற்குள் அதன் தொடக்கம் அக்குழந்தைக்கு மறந்துவிடுகிறது. பாடம் புரியாமல் போவதற்கு இதுவே காரணமாகிறது.

ஓர் எழுத்து முறையில் தடுமாறுபவர் மற்றொன்றில் நன்றாகப் படிக்கவும் கூடும். ஆங்கிலம் பேசும் பெற்றோருக்கு ஜப்பானில் பிறந்து வளர்ந்த 16 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி 1999-இல் தைகோ வைடெல், பிரையன் பட்டர்வொர்த் ஆகியோர் எழுதினர். ஜப்பானிய எழுத்தில் அவன் தேர்ந்த வாசகன். ஆங்கிலத்திலோ வாசிப்புக் குறைபாடுடையவன். பல எழுத்துகள் வழங்கும் ஹட் பே போன்ற ஊரில், ஒரே மொழியில் சோதித்து முடிவு செய்தல் எத்துணைத் தவறாகும் என்பதை இச்சிறுவனின் வரலாறு உணர்த்துகிறது.

வேறுபடுத்திக் காணும் முறை

மொழி புதிது என்பதால் வரும் தாமதத்தையும் குறைபாட்டால் வரும் தாமதத்தையும் வகுப்பாசிரியரே ஓரளவு பிரித்தறியலாம். அதற்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. முறையான கவனம் தேவை.

முதலாவது, கண்ணையும் காதையும் சோதித்தல். இரண்டாவது, குழந்தையின் பள்ளி வரலாற்றை அறிதல். இடம்பெயர்வாலும் நோயாலும் பேரிடராலும் படிப்பு தடைப்பட்ட குழந்தை பின்தங்குவது இயற்கை. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை ஹட் பே ஊரைச் சிதைத்துக் குடும்பங்களைத் தற்காலிகக் குடியிருப்புகளுக்குத் துரத்தியது. அத்தகைய இடையீட்டால் வரும் பின்னடைவைக் குறைபாடு எனல் பொருந்தாது.

மூன்றாவது, குழந்தைக்கு நன்கு தெரிந்த மொழியில் ஒரு சிறு கதையைச் சொல்லி அதிலிருந்து கேள்வி கேட்டல். கேட்டதைப் புரிந்துகொண்டு விடை சொல்லும் குழந்தை, அதே அளவு எளிய கதையைப் படித்துப் புரிந்துகொள்ள இயலவில்லை எனில், சிக்கல் எழுத்தில் உள்ளது. கேட்டும் புரியவில்லை எனில் மொழி வளர்ச்சியையோ கேள்வித் திறனையோ ஆராய வேண்டும்.

நான்காவது, எழுத்துகளின் பெயர், பழகிய சொற்கள், பொருளற்ற சொற்கள் ஆகியவற்றைத் தனித்தனியே படிக்கச் செய்தல். "பிமடு", "தோரிகம்" போன்ற பொருளற்ற சொற்களை மனப்பாடத்தால் படிக்க முடியாது. எழுத்தைக் கூட்டியே படிக்க வேண்டும். பழகிய சொற்களை ஒப்பித்துத் தப்பித்துக்கொள்ளும் குழந்தையின் இடர் இங்கே வெளிப்படும். நேரத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். ஐந்தாவது, குழந்தை கற்கும் ஒவ்வோர் எழுத்து முறையிலும் இதனைச் செய்து பார்த்தல்.

தாய்மொழியில் தடையின்றிப் படித்து இந்தியில் மட்டும் திணறும் குழந்தைக்கு முதற்கண் தேவை மொழிப் பயிற்சி. எல்லா எழுத்துகளிலும் திணறி, ஆறு மாதத் தனிக் கவனத்திற்குப் பின்னும் முன்னேறாத குழந்தையை வல்லுநரிடம் அனுப்ப வேண்டும். பள்ளியின் சோதனை ஐயத்தை மட்டுமே எழுப்பும். முடிவு கூறும் பொறுப்பு வல்லுநருடையது. அரியானா மாநிலம் மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையம், இந்திய மொழிகளுக்கென்றே உருவாக்கிய சோதனைத் தொகுப்பை 2015-இல் வெளியிட்டது. இந்தி, மராத்தி, கன்னடம், ஆங்கிலம் ஆகிய மொழிகளில் அது முதலில் அமைந்தது. ஆங்கிலச் சோதனைகளை மொழிபெயர்த்துப் பயன்படுத்தும் பழக்கத்திலிருந்து விடுபட அது வழிகாட்டியது. 2022-இல் தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழுமம், ஆசிரியர்கள் பள்ளியிலேயே குறைபாடுகளை அடையாளம் காண்பதற்கு உதவும் பிரசஸ்த் என்ற செயலியையும் வெளியிட்டது.

கற்பித்தலே மருந்து

இக்குறைபாட்டிற்கு மாத்திரை இல்லை. முறையான கற்பித்தலே தீர்வு. 1925-இல் தம் ஆய்வை வெளியிட்ட அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஆர்ட்டனும், அவரோடு பணியாற்றிய ஆசிரியை அன்னா கில்லிங்காமும் வகுத்த முறை உலகெங்கும் பரவியது. எழுத்தைக் கண்ணால் கண்டு, வாயால் ஒலித்து, காதால் கேட்டு, விரலால் வரைந்து, ஒன்று உறுதிப்பட்ட பின்னரே அடுத்ததற்குச் செல்வது அதன் சாரம்.

இம்முறை தமிழ்நாட்டிற்குப் புதியதன்று. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் குழந்தைகள் மணலைப் பரப்பி, எழுத்தின் பெயரை உரக்கச் சொல்லிக்கொண்டே விரலால் எழுதினர். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னை எழும்பூரில் ஆண் அனாதை விடுதியின் மேற்பார்வையாளராக இருந்த ஆண்ட்ரூ பெல், நாட்டுப் பள்ளியில் கண்ட மணலெழுத்தைத் தம் விடுதியில் கைக்கொண்டார். 1797-இல் அதனைப் பற்றி நூல் எழுதினார். மூத்த மாணவர் இளையோருக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டோடு சேர்ந்து அது "மதராஸ் முறை" என்ற பெயரில் இங்கிலாந்துப் பள்ளிகளுக்குச் சென்றது. நாம் கைவிட்ட மணல், வாசிப்புக் குறைபாடுடைய குழந்தைக்கு இன்றும் உதவும் கருவியாகும். கடற்கரை ஊரான ஹட் பே பள்ளிகளுக்கு அதனால் செலவும் இல்லை.

வேறு சில எளிய வழிகளும் உண்டு. சொல்லை அசையாகப் பிரித்துக் கைதட்டிச் சொல்லுதல், ஒரே பகுதியைச் சரளம் வரும்வரை பலமுறை உரக்கப் படித்தல், ஒரு வரி மட்டும் தெரியுமாறு சாளரம் வெட்டிய அட்டையைப் புத்தகத்தின் மேல் வைத்தல் ஆகியன அவை. எழுத்துகளுக்கிடையே இடைவெளியை மிகுத்து அச்சிட்டால், குறைபாடுடைய இத்தாலிய, பிரெஞ்சுக் குழந்தைகள் உடனடியாக மேலும் சரியாகவும் விரைவாகவும் படித்தனர் என்று 2012-இல் வெளியான ஓர் ஆய்வு கண்டது. கரும்பலகையில் நெருக்கி எழுதாதிருத்தல் எந்த ஆசிரியருக்கும் இயலக்கூடியதே. வகுப்பின் முன் நிறுத்தி உரக்கப் படிக்கச் சொல்லி அவமானப்படுத்துதல் மட்டும் அறவே கூடாது. படிப்பில் தோல்வியைவிட, "நான் மக்கு" என்ற நம்பிக்கையே இக்குழந்தைகளைப் பள்ளியிலிருந்து விரட்டுகிறது.

சட்டமும் சலுகையும்

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அது ஏற்றுக்கொண்ட 21 வகைக் குறைபாடுகளில் டிஸ்லெக்சியா உள்ளிட்ட குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகளும் அடங்கும். 2018 ஜனவரியில் மத்திய அரசு வெளியிட்ட நெறிமுறைகள், மூன்றாம் வகுப்பிலோ எட்டு வயதிலோ எல்லாப் பள்ளிகளிலும் ஆசிரியர் முதற்கட்டச் சோதனை நடத்த வேண்டும் என்று கூறின. அந்தமான் பள்ளிகள் மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தைச் சார்ந்தவை. அவ்வாரியம் சான்றிதழ் பெற்ற மாணவருக்கு மூன்று மணி நேரத் தேர்வில் ஒரு மணி நேரம் கூடுதல், எழுதுவோரின் உதவி, மொழிப் பாடத்தில் தளர்வு ஆகிய சலுகைகளை அளிக்கிறது.

சலுகை நியாயமானது, ஆனால் அது கற்பித்தலுக்கு ஈடாகாது. கூடுதல் நேரம் தேர்வைக் கடக்க உதவும். பேருந்துப் பலகையையும் வங்கிப் படிவத்தையும் மருந்துச் சீட்டையும் படிக்க உதவாது. சான்றிதழ் கிடைத்ததோடு கடமை முடிந்தது என்று பள்ளி எண்ணினால் சட்டத்தின் நோக்கம் நிறைவேறாது.

தீவுகளின் தனிச் சிக்கல் தொலைவு. உளவியல் வல்லுநரும் மருத்துவர் குழுவும் கூடிச் சான்றளிக்க வேண்டியிருப்பதால், ஹட் பே குழந்தை பெற்றோருடன் பல மணி நேரம் கப்பலில் சென்று வர வேண்டியிருக்கும். கடல் கொந்தளிக்கும் பருவத்தில் அதுவும் உறுதியன்று. தினக்கூலி பெறும் குடும்பத்திற்கு அப்பயணம் சில நாள் வருமானத்தின் இழப்பு. இவ்விடத்தில் ஒரு புதிய வாய்ப்பு உள்ளது. சென்னையிலிருந்து கடலடியில் இடப்பட்டு 2020 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கிவைக்கப்பட்ட கண்ணாடி இழைக் கம்பிவடம் லிட்டில் அந்தமானையும் இணைக்கிறது. அதன் வழியே ஹட் பே ஆசிரியர் தலைநகர் வல்லுநரிடமும், தமிழ் வழிக் குழந்தைக்காகச் சென்னை வல்லுநரிடமும் நேருக்கு நேர் ஆலோசனை பெற இயலும். சென்னையில் 1990-களின் தொடக்கத்திலிருந்து மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் ஆசிரியர் பயிற்சியில் ஈடுபட்டு வருகிறது. சான்றளிக்கும் குழு ஆண்டுக்கு ஒருமுறை கப்பலேறி வந்தால், பல குடும்பங்கள் கப்பலேற வேண்டியதில்லை.

வயது வந்தோருக்கு ஓர் எச்சரிக்கை

நன்றாகப் படித்து வந்த ஒருவர் திடீரென ஒரு நாள் செய்தித்தாளைப் படிக்க இயலவில்லை என்றால், அது களைப்போ கண்ணாடியின் குறையோ என்று காத்திருத்தல் ஆபத்து. மூளைக்குச் செல்லும் இரத்தம் தடைப்பட்டதன் அறிகுறியாக அது இருக்கலாம். உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். பேச்சும் கைகால்களும் நன்றாக இருப்பதால் பக்கவாதம் இல்லை என்று முடிவு செய்யலாகாது. தெஜெரினின் நோயாளிக்கும் பேச்சு கெடவில்லை. இத்தகையோரில் சிலர் எழுத்தின் வடிவத்தை விரலால் வரைந்து பார்த்து மீண்டும் படிக்கப் பழகுகின்றனர். குழந்தைக்கு உதவும் விரலே முதியவருக்கும் உதவுகிறது.

முடிவுரை

பல நாடுகளின் மதிப்பீடுகள், பள்ளிக் குழந்தைகளில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேர் வரை ஏதேனும் ஓரளவில் இக்குறைபாடு உடையவர்கள் எனக் கூறுகின்றன. அக்கணக்குப்படி நாற்பது பேர் உள்ள வகுப்பில் இரண்டு முதல் நான்கு குழந்தைகள். அவர்களைத் தேடிக் காண வேண்டியவர் வகுப்பாசிரியர். அதற்கான நேரத்தையும் பயிற்சியையும் அளிக்க வேண்டியவர் கல்வி அலுவலர். பள்ளிக்கு ஓர் ஆசிரியரையேனும் இதில் பயிற்றுதல், மூன்றாம் வகுப்புச் சோதனையைத் தவறாமல் நடத்திப் பதிவேட்டில் குறித்தல், குழந்தை அறிந்த மொழியிலேயே சோதித்தல், வல்லுநரைத் தீவுக்கு அழைத்தல் ஆகிய நான்கும் பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல.

அகதிகளாகவும் தொழிலாளராகவும் கடல் கடந்து வந்து காட்டைத் திருத்தியவர்கள், தம் பிள்ளைகளுக்குக் கல்வியையே பெரிய சொத்தாகக் கருதினர். அப்பிள்ளைகளுள் ஒன்று எழுத்தின் முன் திகைத்து நிற்கும்போது, அது சோம்பலா, மொழியா, குறைபாடா என்று பொறுமையாக விசாரித்தறிவது பள்ளியின் கடமை. அந்த விசாரணை மூன்றாம் வகுப்பிலேயே நடைபெற்றால், பத்தாம் வகுப்பில் தோல்வியாக முடியும் பல வாழ்க்கைகளின் திசை மாறும்.